குறைந்தால் மட்டும்

அக்கரைப்பற்றுச் சந்தியில் நொறுங்கிக் கிடந்த வேனின்
பின்பம்பரிலிருந்து அதைக் கழற்றினேன்.
றிவேர்ஸில் சுவர் கிட்டும்போது கீச்சிடும் பொருள்,
ரூபாய்க் குற்றியளவு.
தான் கத்தியது தன்னிடம் திரும்பி வர
எவ்வளவு நேரமென்று எண்ணும் காது அது.

சம்மாந்துறையில் எங்கள் நெல் ஆலையின் பின்புறம்
தகரக் கூரைக்குக் கீழே டீசல் தாங்கி.
கரண்ட் போனால் அதுதான் உயிர்.
உள்ளே எவ்வளவென்று அறியக்
காவலாளி ஆதம்பாவாவிடம் ஒரு கமுகஞ்சலாகை.
விட்டு எடுப்பார்,
நனைந்த இடத்தில் பெருவிரலை வைப்பார்,
கொப்பியில் எழுதுவார்.
கணக்கெழுதும் எனக்கு
அந்தப் பெருவிரலை நம்பப் பிடிக்கவில்லை.

எட்டு இரவு.
சாப்பாட்டு மேசையில் ஈயப் புகை,
றினோசாவின் முகச்சுழிப்பு.
பழைய மடிக்கணினியின் பற்றறி,
தபாலில் வந்த விரல்நகச் சிப்,
அதன் வாலாக ஒரு சாண் செப்புக் கம்பி.
முதல் நாள் தாங்கியின் பக்கச் சுவரையே
டீசல் என்றது;
குழாய்த் துண்டொன்றை இறக்கிப் பேச்சை நேராக்கினேன்.
நெல்மூட்டை அடுக்கினால் சிக்னல் செத்துப்போனது,
ஈர நெல் எதையும் குடிக்கும்;
வாங்கும் பெட்டியைக் கூரை வளைக்கு ஏற்றினேன்.
கடைசியாக ஒரு வரி எழுதினேன்:
குறைந்தால் மட்டும் எனக்குச் சொல்.

மூன்றாம் இரவே சொன்னது.
இரண்டு பத்துக்கு.
மூன்று சென்ரிமீற்றர், நாற்பது லீற்றர்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
ஜெமீல் முதலாளியிடம் போனைக் காட்டினேன்.
அவர் எண்களை நம்புகிறவர்.
ஆதம்பாவா சத்தம் போடவில்லை.
"கம்பு அப்பிடிச் சொல்லல்லயே" என்றார், ஒரே ஒருமுறை.
சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
சலாகையைக் கொண்டுபோனார். அது அவருடையது.

அவர் போன பிறகும் களவு நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆலையைப் பூட்டித்
தாங்கியருகே சாக்கு விரித்து நானே கிடந்தேன்.
நுளம்பு. தவிட்டு மணம்.
இரண்டு மணிக்கு வயற்காற்று திரும்பியது,
முதுகு சில்லிட்டது,
தலைக்கு மேல் தகரம் சுருங்கி டக்கென்றது.
என் சட்டைப்பையில் போன் கத்தியது.
மூன்று சென்ரிமீற்றர் போயிருந்தது,
மூடியின் மேல் என் கை இருக்கும்போதே.

விடியும்வரை பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
இரவில் குறைந்ததெல்லாம்
பகலில் கூடியிருந்தது.
எந்தக் கள்ளன் காலை எட்டு மணிக்கு வந்து
திரும்ப ஊற்றுவான்?
குளிரில் சத்தம் மெதுவாய் நடக்கும்.
போய்வரப் பிந்தினால்
தூரம் கூடிற்றென்று என் காது எண்ணும்.
பள்ளியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி
புள்ளியும் வாங்கியதுதான்.
கூடினால் சொல் என்று நான் கேட்கவில்லை,
அது சொல்லவில்லை.

சூடறியும் கறுப்புக் குண்டுமணி ஒன்று,
நூற்றி இருபது ரூபாய்.
ஒரே வரித் திருத்தம்.
அன்றிரவு போன் வாய் திறக்கவில்லை.
"இப்ப சரிதானே" என்றார் முதலாளி.

மாவடிப்பள்ளியில் வீட்டைக் கண்டுபிடித்தேன்.
செங்கல் வாடியில் வேலையாம்,
கால்முட்டி வரை சிவப்பு மண்.
குளிர், சத்தம், வரி, எல்லாம் சொன்னேன்.
எல்லாம் கேட்டார்.
முற்றத்தில் கொடிக்கயிற்றுக்கு
முட்டுக்கொடுத்து நின்றது சலாகை,
நாற்பது, எண்பது, நூற்றி இருபது
என்ற வெட்டுகள் வெயிலில் தெரிய.
கயிற்றில் மகளின் வெள்ளைச் சீருடை.

அளவு சரிபார்க்க அது வேணும், நீங்களும் வேணும் என்றேன்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது பிழை.

"உடுப்புக் காயட்டும்" என்றார்.

சீருடையின் விளிம்பில்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.